எழுத்துப் பிழையே இல்லாத மெயில்

கேள்வி: 2025 நவம்பர் 3, திங்கள்

சென்னை எம்.சி. ரோட்டில் துணி மொத்த வியாபாரம் செய்கிறேன். கடை மெயிலுக்கு நாளொன்றுக்கு நூறு குப்பையாவது வருகிறது. லாட்டரி, கடன், வருமான வரி ரீஃபண்டு, 'உங்கள் பார்சல் நிற்கிறது'. தொண்ணூறை மெயிலில் இருக்கும் ஸ்பாம் வடிகட்டியே பிடித்துவிடுகிறது. மிச்சம் பத்தைப் பார்த்தவுடன் எனக்கே தெரிந்துவிடுகிறது: எழுத்துப் பிழை, தெரியாத முகவரி, 'அன்புள்ள வாடிக்கையாளரே'. படித்தவன் இதில் ஏமாறமாட்டான் என்பது என் கட்சி. பாதுகாப்பு, பயிற்சி என்று இதற்குமேல் காசு கேட்டு வருகிறவர்களை நம்பலாமா?

பதில்: நவம்பர் 3, இரவு 10.40

நான் பி.காம். மண்ணடியில் ஒரு கஸ்டம்ஸ் கிளியரிங் ஆபீஸில் (கப்பல் சரக்குக்குச் சுங்க வேலையை முடித்துக்கொடுக்கும் இடம்) 22 வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். ஏமாந்திருக்கிறேன். வந்த மெயிலில் ஒரு பிழைகூட இல்லை; எங்கள் முதலாளி எழுதுவதைவிட நல்ல ஆங்கிலம். விவரம் நாளைக்கு. பயிற்சிக்குக் காசு கொடுக்கவேண்டாம் என்பதில் மட்டும் நானும் உங்கள் கட்சி.

நவம்பர் 4

எங்கள் பிழைப்பே மெயிலில்தான் ஓடுகிறது. கப்பல் வருவதற்கு முன்பு அரைவல் நோட்டீஸ் (சரக்கு வருகிறது என்ற அறிவிப்பு), பிறகு பி.எல். (கப்பல் சரக்குச் சீட்டு), இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், டெலிவரி ஆர்டர், எல்லாமே மெயில். தெரியாத முகவரியிலிருந்து வரும் இணைப்பைத் திறக்காதே என்று எனக்குச் சொல்வதும், தெரியாத ஆள் படியேறினால் கடையைச் சாத்து என்று உங்களுக்குச் சொல்வதும் ஒன்றுதான். ஒரு நாள் தாமதித்தால் கன்டெய்னருக்கு டிமரேஜ் (தாமதக் கட்டணம்) ஏறும். இந்த அவசரம் திருடனுக்கும் தெரியும்.

ராயபுரத்தில் கிடங்கு வைத்திருக்கும் ஒரு பாய்க்கு மாதாமாதம் வாடகையும் இறக்குக்கூலியும் அனுப்புவோம். பத்து வருடப் பழக்கம். 2022 செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், நாங்கள் அவருக்கு எழுதிய மெயிலுக்கே பதிலாக ஒன்று வந்தது. கீழே எங்கள் பழைய மெயில்கள் வரிசையாக இருக்கின்றன. அவர் வழக்கமாகப் போடும் 'டியர் சார், குட் டே' இருக்கிறது. இன்வாய்ஸ் அவருடையதே. எண், தேதி, தொகை, ரப்பர் ஸ்டாம்பு எல்லாம் சரி. அடியில் இருந்த வங்கிக் கணக்கு எண் மட்டும் வேறு. 'பழைய கணக்கில் ஆடிட் நடக்கிறது, இந்த மாதம் மட்டும் இதில் போடுங்கள்' என்று ஒரு வரி. ரூ. 3,68,000. ஆர்.டி.ஜி.எஸ். போட்டுவிட்டு டீ குடிக்க இறங்கினேன்.

செவ்வாய்க்கிழமை பாய் போன் செய்தார். "தம்பி, இரண்டு மெயில் போட்டேன், பதில் இல்லை. ஆபீஸில் எல்லாரும் நலம்தானே?"

அந்த இரண்டு மெயிலையும் தேடினோம். இன்பாக்ஸில் இல்லை. ஸ்பாமில் இல்லை. கடைசியில் 'ஆர்.எஸ்.எஸ். ஃபீட்ஸ்' என்ற ஃபோல்டரில் கிடந்தன. அப்படி ஒரு ஃபோல்டர் இருப்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும். எங்கள் மெயில் பெட்டிக்குள் யாரோ ஒரு விதி எழுதிவைத்திருந்தார்கள்: பாயின் முகவரியிலிருந்து எது வந்தாலும் படித்ததாகக் குறித்து அந்த ஃபோல்டருக்குத் தள்ளு என்று. ஆபீஸில் இருந்த ஒரு பையன் அதற்கு ஒரு மாதம் முன்பு அரைவல் நோட்டீஸ் என்று வந்த லிங்கைத் தட்டி, அங்கே கேட்ட பாஸ்வேர்டைப் போட்டிருக்கிறான். ஒரு மாதம் முழுக்கத் திருடன் உள்ளே உட்கார்ந்து எங்கள் மெயில்களைப் படித்திருக்கிறான். எங்களில் யாரும் அவற்றை அவ்வளவு கவனமாகப் படித்ததில்லை.

நவம்பர் 4, அரைமணி கழித்து

தொகை தவறு. ரூ. 3,86,000. வித்தியாசம் 18,000, ஒன்பதால் மீதியின்றி வகுபடுகிறது. அப்படியென்றால் இலக்கம் இடம் மாறியிருக்கிறது என்று கணக்கு எழுதுகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். இப்படிப்பட்ட தவற்றையெல்லாம் உடனே பிடிக்கிற ஆள்தான் அந்தக் கணக்கு எண்ணைப் பார்த்துக்கொண்டே பணம் அனுப்பியவன்.

நவம்பர் 6

'அடுத்தவன் முகவரியைப் போட்டு மெயில் அனுப்ப முடியுமா?' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். முடியும். மெயில் போக்குவரத்தின் அடிப்படை விதி 1982-இல் எழுதியது. ஒருவரை ஒருவர் அறிந்த சில நூறு இடங்களுக்கு இடையே ஓடுவதற்காக எழுதியது. அதில் அனுப்புநர் என்பது கடித உறையின் பின்பக்கம் நாமே எழுதிக்கொள்கிற பெயர் மாதிரி. தபால்காரர் அதைச் சரிபார்ப்பதில்லை.

பிறகு ஒட்டுப்போட்டார்கள். எஸ்.பி.எஃப். என்பது ஒரு பட்டியல்: என் டொமைன் (மெயில் முகவரியில் @-க்குப் பின்னால் வருவது) பெயரில் அனுப்ப இந்த சர்வர்களுக்குத்தான் உரிமை. டி.கே.ஐ.எம். என்பது அரக்கு முத்திரை: வழியில் யாராவது உள்ளே கைவைத்தால் முத்திரை உடைந்தது தெரிந்துவிடும். டிமார்க் இந்த இரண்டையும் நம் கண்ணுக்குத் தெரிகிற அனுப்புநர் முகவரியோடு பொருத்திப் பார்க்கிறது. பொருந்தாவிட்டால் சும்மா விடுவதா, ஸ்பாமில் போடுவதா, வாசலிலேயே திருப்பி அனுப்புவதா என்று டொமைன்காரர் முன்கூட்டியே சொல்லிவைக்கலாம். மொத்தமாக மெயில் அனுப்புகிறவர்கள் (ஜிமெயில் கணக்கில் நாளொன்றுக்கு 5,000) இந்த மூன்றையும் வைத்தே ஆகவேண்டும் என்று 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் கெடுபிடி செய்கின்றன. உங்கள் குப்பைக்கூடையில் தொண்ணூறு விழுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சொந்த டொமைனில் மெயில் வைத்திருக்கிற சின்னக் கடைக்காரர்கள் பெரும்பாலும் செய்வது, டிமார்க்கை 'சும்மா விடு' என்ற நிலையில் வைத்துவிட்டு மறந்துபோவது. எங்களுடையதும் மூன்று வருடம் அப்படித்தான் இருந்தது. காவலாளியை வைத்து, யாரையும் தடுக்காதே என்று அவனிடம் சொன்ன கதை.

காசிமேட்டில் மீன் வாங்கப் போனால் என் அம்மா தோலைப் பார்க்கவே மாட்டார். ஐஸில் நான்கு நாள் கிடந்த மீனும் தண்ணீர் தெளித்தால் பளபளக்கும். நேரே செவுளைத் தூக்குவார். மெயிலுக்கும் செவுள் உண்டு.

நவம்பர் 7

செவுளை எப்படித் தூக்குவது என்று நான்கு பேர் கேட்டுவிட்டீர்கள். கம்ப்யூட்டரில் ஜிமெயிலைத் திறந்து, மெயிலின் வலது மூலையில் இருக்கும் மூன்று புள்ளிகளைத் தட்டினால் 'ஷோ ஒரிஜினல்' வரும். மேலே எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் மூன்றுக்கும் பாஸா ஃபெயிலா என்று எழுதியிருக்கும். அதற்குக் கீழே பாம்பு மாதிரி ஓடுவதைப் படிக்கவேண்டாம்.

போனில் பெயர் மட்டும்தான் தெரிகிறது, முகவரி தெரிவதில்லை. பெயரைத் தட்டினால் வரும். எந்த நேரமும் தட்டிக்கொண்டிருக்க முடியாது. பணம், பாஸ்வேர்டு இரண்டில் ஒன்று பேச்சில் வந்தால் தட்டுங்கள்.

லிங்க் முகவரியை வலமிருந்து படியுங்கள். தொடக்கத்தில் இருக்கும் https://-ஐ விட்டுவிட்டு, அதன் பிறகு முதல் சாய்கோடு வருகிற இடத்தில் நின்றுகொண்டு இடதுபக்கம் நடக்கவேண்டும். நம் வீட்டு முகவரியில் ஊர் கடைசியில் வருகிற மாதிரி, அங்கேயும் சொந்தக்காரன் பெயர் கடைசியில்தான் இருக்கும். முன்னால் வங்கிப் பெயரை நான்கு முறை எழுதியிருந்தாலும் அது வெறும் கதவு எண். இன்னொன்று: ஆங்கிலச் சின்ன எழுத்தில் r, n இரண்டையும் ஒட்டி எழுதினால் m போலவே தெரியும். என் வயதுக் கண்ணாடிக்காரர்கள் எழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

நவம்பர் 9, ஞாயிறு

காலையில் காசிமேடு போய்வந்தேன். சங்கரா வாங்கினேன், வஞ்சிரம் விலை கேட்டதோடு சரி. போகிற வழியில் யோசித்தது: கேள்வி கேட்டவர் இரண்டு வேறு சரக்கை ஒரே கூடையில் போட்டுவிட்டார். குப்பை மெயில் வலைவீச்சு. லட்சம் பேருக்குப் போடுவான், எவன் சிக்கினாலும் சரி. எனக்கு வந்தது தூண்டில். எந்த மீன் எந்த நேரத்தில் எந்த இரையைக் கடிக்கும் என்று பார்த்துப் போட்டது. வலையைப் பிடிக்க வடிகட்டி போதும்.

குப்பை மெயிலுக்கு வயது 47. 1978 மே 3 அன்று டிஜிட்டல் எக்யூப்மென்ட் நிறுவனத்தின் விற்பனை அதிகாரி கேரி துர்க், தங்கள் புதுக் கம்ப்யூட்டரைப் பார்க்க வாருங்கள் என்று ஏறக்குறைய 400 பேருக்கு ஒரே மெயிலைத் தட்டிவிட்டார். இணையத்தின் முன்னோடியான அன்றைய அர்ப்பாநெட்டில் அவருக்கு நல்ல திட்டு விழுந்தது. சரக்கும் விற்றது. விற்றதுதான் வினை.

'அன்சப்ஸ்கிரைப் தட்டலாமா?' என்றவருக்கு: நீங்கள் எப்போதோ பொருள் வாங்கிய கடை என்றால் தட்டலாம். முன்பின் தெரியாதவன் என்றால் தட்டவேண்டாம். இந்த முகவரியில் ஆள் இருக்கிறது என்று நாமே சொன்னதாக ஆகும். ஸ்பாம் என்று குறித்துவிட்டுப் போங்கள்.

சட்டம் பற்றிக் கேட்டவருக்கு: தொல்லை அழைப்புக்கும் எஸ்.எம்.எஸ்.ஸுக்கும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018-இல் போட்ட விதிகள் இருக்கின்றன, மெயில் அதில் வராது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவில் தொல்லை மெயிலும் இருந்தது. ஆனால் அந்தப் பிரிவையே 2015-இல் உச்ச நீதிமன்றம் ரத்துசெய்துவிட்டது, பேச்சுரிமையை நெரிக்கிறது என்று. ரத்தானது நல்லதுதான். ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால் 66டி இருக்கிறது: மூன்று வருடம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். பிடித்தால்.

நவம்பர் 10

காசிமேட்டுக்காரர் ஒருவர் எழுதியிருக்கிறார்: 'செவுளில் சாயம் பூசி விற்கிறவர்களும் உண்டு, அண்ணே.' படித்ததும் உறைத்தது. ஆபீஸ் ஃபைலில் இருந்த பழைய பிரின்ட் அவுட்டை எடுத்துப் பார்த்தேன்.

நவம்பர் 4-இல் பாயே பதில் போட்ட மாதிரி எழுதிவிட்டேன். உண்மையில் அவர் டொமைனில் ஒரு எல் (l) இருக்கும். அந்த மெயிலில் இரண்டு எல். திருடன் அந்த இரட்டை எல் டொமைனைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறான், மெயில் வருவதற்குப் பதினொரு நாள் முன்பு. எங்கள் பெட்டியிலிருந்து பழைய மெயில்களை எடுத்து அடியில் ஒட்டியிருக்கிறான். ஒரிஜினலைப் பார்த்தால் எஸ்.பி.எஃப். பாஸ், டி.கே.ஐ.எம். பாஸ், டிமார்க் பாஸ். மூன்று பாடத்திலும் தேர்ச்சி.

எப்படி? அவன் சொந்த டொமைனுக்கு அவனே பட்டியலும் முத்திரையும் வைத்திருக்கிறான், அவ்வளவுதான். 'பாஸ்' என்றால் அந்தப் பெயருள்ள டொமைனிலிருந்து வந்தது உண்மை என்று அர்த்தம். அது பாயின் டொமைன்தானா என்பது டிமார்க்குக்கு எப்படித் தெரியும்? எனக்கே தெரியவில்லை. ஆகவே நவம்பர் 6 குறிப்பின் கடைசிப் பத்தியைப் பாதி அழித்துப் படித்துக்கொள்ளுங்கள். ஃபெயில் என்றால் உஷார். பாஸ் என்றால் ஒன்றும் நிச்சயமில்லை.

நவம்பர் 12

இப்போது என்ன செய்கிறோம்? மேஜையில் ஒரு நீள நோட்டு இருக்கிறது. பணம் அனுப்புகிற 60 பேருடைய கணக்கு எண்ணும் போன் எண்ணும், நேரில் கேட்டு எழுதியது. கணக்கு மாறியது என்று யார் எழுதினாலும் அந்த நோட்டில் இருக்கும் எண்ணுக்குத்தான் போன். மெயிலில் கொடுத்திருக்கும் எண்ணுக்குப் போன் செய்தால் திருடனே எடுத்து 'ஆமாம் சார், மாற்றிவிட்டோம்' என்பான். ஒரு ரூபாய் அனுப்பிப் பார்ப்பதும் வீண். வந்ததா என்று மெயிலில் கேட்டால் வந்தது என்று அவனே பதில் எழுதுவான்.

இதில் வெட்கத்தை விடவேண்டியிருக்கிறது. போன வருடம் பாய் நிஜமாகவே வங்கி மாற்றினார். போன் செய்தேன்.

"பாய், கணக்கு எண் மாறியதாக மெயில் வந்திருக்கிறது. நீங்கள்தான் அனுப்பினீர்களா?"

"ஏன் தம்பி, என் மேலேயே சந்தேகமா?"

"உங்கள் மேல் இல்லை பாய். மெயில் மேல்."

"கடைசி நான்கு எண் சொல்லட்டுமா?"

"முழு எண்ணையும் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்."

சொன்னார். மூக்குக்கண்ணாடியைத் தேட மூன்று நிமிடம் ஆனது, ஆனாலும் சொன்னார்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. ஆர்.டி.ஜி.எஸ்., என்.இ.எஃப்.டி. இரண்டிலும் பணம் போய்ச் சேர்வது கணக்கு எண்ணை மட்டும் வைத்துத்தான். நாம் எழுதும் பெயரை யாரும் ஒத்துப்பார்ப்பதில்லை. நான் பாயின் பெயரைத்தான் எழுதினேன், பணம் வேறு மாநிலத்தில் எவன் கணக்கிலோ விழுந்தது. 2025 ஏப்ரல் 1-க்குள் பெறுநர் பெயரைக் காட்டும் வசதியைக் கொடுக்கவேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொன்ன பிறகு, எண்ணைப் போட்டால் கணக்குக்காரர் பெயர் திரையில் வருகிறது. அந்தப் பெயரைப் படியுங்கள். 2022-இல் அது இருந்திருந்தால் இந்த இழையே இல்லை.

வங்கிகள் தங்கள் இணையதளங்களை 2025 அக்டோபர் 31-க்குள் 'டாட் பேங்க் டாட் இன்' (.bank.in) முகவரிக்கு மாற்றவேண்டும் என்ற ஆணையும் வந்தது. வங்கிகளுக்கு மட்டுமே கொடுக்கும் டொமைன் அது. வலமிருந்து படிக்கிற பழக்கம் இங்கே உதவும்.

நவம்பர் 13

இரட்டைச் சரிபார்ப்பு (பாஸ்வேர்டோடு ஓ.டி.பி.யும் கேட்பது) போதாதா என்றவருக்கு: இல்லாததற்கு ஓ.டி.பி. எவ்வளவோ மேல். ஆனால் போலிப் பக்கம் பாஸ்வேர்டைக் கேட்ட கையோடு ஓ.டி.பி.யையும் கேட்டு வாங்கி, அந்த நிமிடமே நிஜப் பக்கத்தில் போட்டு உள்ளே போய்விடும். பாஸ்வேர்டுக்குப் பதிலாக நம் போனிலோ கம்ப்யூட்டரிலோ இருக்கும் சாவியான பாஸ்கீ மேலானது. அது டொமைனோடு கட்டிப்போட்டது. இரட்டை எல் டொமைனில் வேலையே செய்யாது. பாஸ்வேர்டுகளைச் சேமித்துவைத்து நிரப்பும் பாஸ்வேர்டு மேனேஜரும் அப்படித்தான். தானாக நிரப்ப மறுத்தால் திட்டாதீர்கள், முகவரியைப் பாருங்கள்.

எங்களிடம் 2022-இல் இரட்டைச் சரிபார்ப்பு ஏன் இல்லை? ஐந்து பேருக்கு ஒரே மெயில் பெட்டி, ஒரே பாஸ்வேர்டு. ஓ.டி.பி. முதலாளி போனுக்குப் போகும். முதலாளி வெள்ளிக்கிழமைகளில் திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயிலில் இருப்பார், போனை அணைத்துவிட்டு. வேலை நிற்கிறது என்று நாங்களே கெஞ்சி அதை எடுக்கச் சொன்னோம்.

நவம்பர் 14

வடிகட்டியை இறுக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறவர்களுக்கு ஒரு வரி: போன மாதம் நிஜமான அரைவல் நோட்டீஸ் ஒன்று ஸ்பாமில் போய்க் கிடந்தது, இரண்டு நாள் டிமரேஜ் கட்டினோம். தினமும் சாயங்காலம் ஸ்பாமையும் ஒரு நடை பார்க்கிறேன்.

நவம்பர் 16, ஞாயிறு

நவம்பர் 4-இல் 'ஆபீஸில் இருந்த ஒரு பையன்' என்று எழுதினேன். அதைப் படித்துவிட்டு மூன்று பேர் இந்தக் காலத்துப் பையன்களைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். இரண்டு வாரமாக அது உறுத்துகிறது. லிங்கைத் தட்டியது நான்.

பொதுப் பெட்டி என்பதால் யார் தட்டியது என்று யாருக்கும் தெரியவில்லை. எல்லார் பார்வையும் வயதில் சின்னவன் மேல் போனது. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கூரியர் அலமாரிச் சாவியை மட்டும் முதலாளி அவனிடமிருந்து வாங்கிக்கொண்டார். தீபாவளி போனஸோடு அவன் நின்றுவிட்டான்.

அதற்கு ஒரு வாரம் கழித்து, ஏதோ ஒரு பழைய பக்கத்தைத் தேடி என் கம்ப்யூட்டரில் பிரவுசர் ஹிஸ்டரியைப் புரட்டினேன். ஆகஸ்ட் 17, மாலை 5.52. அந்த முகவரி. பார்த்ததும் எல்லாம் ஞாபகத்துக்கு வந்தது: நோட்டீஸைத் தட்டினேன், மறுபடி லாகின் செய் என்றது, பாஸ்வேர்டு போட்டேன், தவறு என்றது. இரண்டாம் முறை நிறுத்தி நிதானமாக அடித்தேன். நிஜ மெயில் பக்கம் திறந்தது. முதல் முறை நான்தான் தப்பாக அடித்தேன் என்று நினைத்துக்கொண்டு சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். பையன் அன்று மாலை கஸ்டம்ஸ் ஹவுஸில் இருந்தான். அவன் கையெழுத்துப் போட்ட பஸ் செலவு வவுச்சர் என் ஃபைலிலேயே இருக்கிறது.

முதலாளியிடம் ஜனவரியில்தான் சொன்னேன். "சரி விடுங்கள்" என்றார். பையனிடம் யாரும் சொல்லவில்லை.

நவம்பர் 17

பணம் என்ன ஆனது என்பதுதான் எல்லார் கேள்வியும். செவ்வாய்க்கிழமையே இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் செய்தோம் (அதற்கு முன்பு 155260 என்று இருந்தது), வங்கிக்கும் ஓடினோம். அதற்குள் நான்கு நாள். ரூ. 1,12,000 மட்டும் ஒரு கணக்கில் நின்றது, முடக்கினார்கள். அதைக் கையில் வாங்க நீதிமன்ற உத்தரவுக்கு ஏழு மாதம். மிச்சம் போனது போனதுதான். பாய்க்கு முழுத் தொகையும் மறுபடி கொடுத்தோம். ஒரு மணி நேரத்துக்குள் 1930-ஐப் பிடித்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும். ஆனால் உடனே சொல்ல வேண்டுமென்றால், சொன்னவனிடமிருந்து சாவியைப் பிடுங்காத ஆபீஸாக இருக்கவேண்டும்.

பையனிடம் சொன்னீர்களா என்று கேட்டவருக்கு: இல்லை.

நவம்பர் 19

நேற்று அவனுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. என் பெயரைப் போட்டு வாட்ஸ்அப்பில் எழுதினேன். பதில் வந்தது: 'நீங்கள்தான் என்றால், என் மேஜை ஜன்னல் பக்கமா, ஃபேன் பக்கமா?' இரண்டும் இல்லை, ஜெராக்ஸ் மெஷின் பக்கம் என்று எழுதினேன். உடனே அவனே கூப்பிட்டான். பேசியதை இங்கே எழுதப்போவதில்லை.

எம்.சி. ரோட்டுக்காரர் தனிச்செய்தியில் அலறியிருந்தார். என் நவம்பர் 4 குறிப்பைப் படித்துவிட்டு அவர் மெயில் செட்டிங்ஸைத் திறந்து பார்த்திருக்கிறார். வருகிற ஒவ்வொரு மெயிலின் நகலும் இன்னொரு முகவரிக்குப் போய்க்கொண்டிருக்கிறது. முதலில் திரையைப் படமெடுங்கள், பிறகு அதை நீக்குங்கள், பாஸ்வேர்டை மாற்றுங்கள், கடைசியாக எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றுங்கள், இதே வரிசையில், என்று எழுதினேன்.

இரவு திரும்ப எழுதினார். அந்த முகவரி அவருடைய ஆடிட்டர் ஆபீஸுடையதாம். ஜி.எஸ்.டி. வந்த புதிதில் அவரே போட்டுக்கொடுத்தது. அந்த ஆடிட்டரை மாற்றி ஆறு வருடம் ஆகிறதாம்.